நடக்கும்போது கால் இழுத்துப் பிடிக்கிறதா? இரத்தக் குழாய் அடைப்புப் பற்றி வன்னி வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பெரியப்பா குளக்கட்டில் நின்று நின்று போவதை முதலில் கவனித்தது என் தங்கச்சிதான். வீட்டிலிருந்து வயலுக்கு அரை மைல் தூரம், குளக்கட்டால் நடக்க வேண்டும். பாதி வழியில் ஒரு மருதமரம் நிற்கிறது. அதடிக்கு வந்ததும் தண்ணீரைப் பார்ப்பதுபோல இரண்டு நிமிடம் நிற்பார், பிறகு நடப்பார். துருசடியில் இன்னொரு தடவை நிற்பார். "ஏன் பெரியப்பா நிக்கிறியள்?" என்று கேட்டால், "சும்மா காத்து வாங்கிறன் பிள்ளை" என்பார்.

அடுத்த காலபோகத்துக்குள் மருதமரம் வரைக்கும்கூட அவரால் ஒரே மூச்சில் போக முடியவில்லை. கெண்டைக்கால் கல்லுப்போல இறுகுகிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றார். வயதுபோனால் அப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம், நானும் சொன்னேன். பிறகு முள் குத்தின சின்னக் காயம் ஒன்று இரண்டு மாதமாக ஆறாமல் கிடந்து, விரல் கறுக்கத் தொடங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு விரல்களை எடுத்தார்கள். காலுக்குப் போகும் நாடி ஒடுங்கியிருந்தது, இதயத்துக்குப் போகும் நாடியும் ஒடுங்கியிருந்தது. முதல்நாள் வைத்தியர் கேட்ட முதல் கேள்வியே, "எவ்வளவு தூரம் நடந்தால் நோகுது?" என்பதுதான். அந்தத் தூரம் எங்களுக்கு ஒரு வருடமாகத் தெரியும். அதற்கு என்ன அர்த்தம் என்பதுதான் தெரியாது.

நான் வைத்தியன் இல்லை. பெரியப்பாவோடும் அப்பாவோடும் கிளினிக் வரிசையில் வருடக்கணக்காக நின்று, கேட்டு, வாசித்துத் தெரிந்துகொண்டவன். அந்த ஒரு வருடத்தை நாங்கள் இழந்ததுபோல வேறொரு வீடு இழக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: உள்ளே என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய் நாடி. திருப்பிக் கொண்டுவருவது நாளம். சும்மா இருக்கும்போதே இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தத்தைத் தள்ளுகிறது, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 இலட்சம் தடவை துடிக்கிறது. இதயமும் ஒரு தசைதான். அதற்கும் இரத்தம் வேண்டும். அதைக் கொடுப்பவை இதயத்தின் மேற்பரப்பில் ஓடும் முடியுரு நாடிகள்.

வாய்க்கால் தெரிந்த எங்களுக்கு இதை விளங்கிக்கொள்வது கஷ்டம் இல்லை. இரணைமடுக் குளத்தில் 36 அடித் தண்ணீர் நின்றாலும், வாய்க்கால் தூர்ந்துபோயிருந்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. சிறுபோகத்தில் எல்லோரும் ஒரே நேரம் தண்ணீர் கேட்கும்போதுதான் அந்தக் குறை தெரியவரும். மாரியில் ஒருவருக்கும் தெரியாது. நாடியும் அப்படித்தான். ஏறக்குறைய 70 வீதம் ஒடுங்கும் வரைக்கும்கூட, கதிரையில் இருக்கிற ஆளுக்கு ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். நடக்கும்போது, மண்வெட்டி பிடிக்கும்போது, நெல் மூட்டை தூக்கும்போது தசை கூடுதலாக இரத்தம் கேட்கும், அப்போதுதான் நோ வரும். ஓய்வெடுத்தால் போய்விடும். "வேலை செய்தால் வருகிறது, நின்றால் போகிறது" என்ற இந்த ஒழுங்கு மிக முக்கியமானது. இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வாய்க்காலோடு ஒப்பிடுவது ஓரளவுக்குத்தான் பொருந்தும். வாய்க்காலில் மண் அடியில் கிடக்கும், மண்வெட்டியால் அள்ளலாம். நாடியில் கொழுப்பு உட்சுவரின் தோலுக்குக் கீழே, சுவருக்குள்ளேயே படிகிறது. கெட்ட கொழுப்பு என்று சொல்லப்படும் எல்.டி.எல். அங்கே புகுந்து, வீக்கம் உண்டாகி, நார்போல மூடி வளர்கிறது. இளம் வயதிலேயே தொடங்கிப் பல பத்து வருடங்கள் எடுக்கும் வேலை இது. அதனால் உள்ளித் தண்ணீரோ, இலைச் சாறோ, போனில் வரும் ஏழுநாள் மருந்தோ அதைக் கழுவி வெளியேற்றாது. கழுவுவதற்கு அது வெளியே கிடக்கவில்லை.

இன்னொன்று. அந்தப் படிவின் மூடி திடீரென வெடித்தால், காயத்தில் இரத்தம் உறைவதுபோல அந்த இடத்திலும் உறையும். அதுவரை பாதிதான் ஒடுங்கியிருந்த நாடி நிமிடக்கணக்கில் முழுதாக அடைபடும். அதுதான் மாரடைப்பு. மூளையில் நடந்தால் பாரிசவாதம். நேற்று வரைக்கும் நன்றாக உழுதுகொண்டிருந்த மனிதன் இன்று விழுந்துவிட்டார் என்று செத்தவீட்டில் சொல்கிறோமே, பெரும்பாலும் காரணம் இதுதான்.

படி 2: கால் சொல்வதைக் கேளுங்கள்

காலைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. எனக்கோ இதுதான் மனதுக்கு நெருக்கமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாடி அடைப்பால் வரும் நோ பெரும்பாலும் கெண்டைக்காலில் வரும். சிலருக்குத் தொடையிலோ பிட்டியிலோ வரும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வரும். நின்றால் சில நிமிடங்களில் விடும். இருக்கக்கூடத் தேவையில்லை, நின்றாலே போதும். முள்ளந்தண்டு நரம்பு நெருக்கப்படுவதாலும் நடக்கும்போது கால் நோகும், ஆனால் அவர்களுக்கு வெறுமனே நின்றால் போகாது, குனியவோ இருக்கவோ வேண்டும். நாளத்தில் குறை என்றால் பின்னேரத்தில் கால் வீங்கிப் பாரமாக இருக்கும், தலையணையில் உயர்த்தி வைத்தால் சுகம். நாடி அடைப்பில் இதற்கு எதிர்மாறு: காலை உயர்த்தினால் நோ கூடும், தொங்கப்போட்டால் குறையும். இரவில் நோவால் எழும்பி, கட்டிலால் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கிற ஆள் உங்கள் வீட்டில் இருந்தால் அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இந்தக் கிழமையே கொண்டுபோங்கள்.

வீட்டில் பார்க்கக்கூடியவை சில இருக்கின்றன. நல்ல வெளிச்சத்தில் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மற்றதைவிடக் குளிராக இருக்கிறதா? தோல் மினுங்கி மெலிந்து, மயிர் உதிர்ந்திருக்கிறதா? நகம் தடித்திருக்கிறதா? விரல் இடுக்கிலோ குதிக்காலிலோ இரண்டு கிழமைக்கு மேலாக ஆறாத புண் இருக்கிறதா? பிறகு நாடித் துடிப்பைத் தேடுங்கள். உட்பக்கக் கணுக்கால் எலும்புக்குச் சற்றுப் பின்னால் இரண்டு விரலை மெதுவாக வையுங்கள். அடுத்து பாதத்தின் மேற்பக்கத்தில், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நேராக மேலே வைத்துப் பாருங்கள். அழுத்தினால் துடிப்பு மறைந்துவிடும், மெல்லத் தொட வேண்டும். பாதத்தின் மேலுள்ள துடிப்பு சுகமான சிலருக்கும் பிடிபடாது, அதனால் அதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். கணுக்காலிலும் இல்லை, நடந்தால் நோவும் இருக்கிறது என்றால் வைத்தியரிடம் போங்கள். அங்கே கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த விகிதம் 0.9க்குக் கீழே என்றால் கால் நாடியில் அடைப்பு இருக்கிறது என்று எடுப்பார்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. சீனி வருத்தத்தால் நரம்பு மரத்துப்போனால் நோவே தெரியாது. முள் குத்தினாலும், சுடுமணலில் நடந்தாலும் தெரியாது. அவர்கள் வயலுக்கும் வெறுங்காலோடு போகக்கூடாது. இரவு படுக்கமுன் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்ப்பதோ, பேரப்பிள்ளையைக் கொண்டு பார்க்கச் செய்வதோ ஒரு பழக்கமாக வேண்டும்.

வன்னியில் இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. போரில் ஒரு காலை இழந்தவர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மீதமிருக்கும் ஒரு கால்தான் இரண்டு காலின் வேலையையும் செய்கிறது. கால் இழந்த படைவீரர்களை வெளிநாடுகளில் நீண்டகாலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில், அவர்களுக்கு இதய, இரத்தக் குழாய் நோய்கள் கூடுதலாக வந்தது தெரியவந்தது. அதனால் உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் வயது 35 ஆனதும் பிறஷர், சீனி, கொழுப்பு மூன்றையும் பார்க்கத் தொடங்குங்கள். பொய்க்கால் உராய்ந்து வரும் புண்ணையும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

திடீரென ஒரு கால் கடுமையாக நொந்து, வெளிறி, குளிர்ந்து, விறைத்து, அசைக்க முடியாமல் போனால் அது வேறு கதை. உறைந்த இரத்தக்கட்டி வந்து அடைத்திருக்கிறது. ஏறக்குறைய 6 மணித்தியாலத்துக்குள் வழி திறக்காவிட்டால் காலையே இழக்க நேரலாம். எண்ணெய் தேய்த்து, ஒத்தடம் கொடுத்துப் பார்க்கிற நேரம் அது இல்லை.

படி 3: நெஞ்சில் வருவது வாய்வா, வேறா?

"கஸ்ரிக்காக்கும், ஒரு சோடா குடி" என்று சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை. ஓமத் தண்ணி, இஞ்சித் தேத்தண்ணி, உள்ளி, கடைசியில் நெஞ்சில் தைலம் என்று இரண்டு மூன்று மணித்தியாலம் அப்படியே போய்விடும். பிரச்சினை என்னவென்றால், பல தடவை அது உண்மையிலேயே வாய்வுதான். அதனால்தான் அடுத்த தடவையும் நம்பிவிடுகிறோம்.

பிரித்துப் பார்க்க ஓரளவு உதவும் குறிகள் இருக்கின்றன. இதய நாடி ஒடுங்கினால் வருவது பெரும்பாலும் குத்து வலியாக இருக்காது. நெஞ்சின் நடுவில் பாரம் வைத்ததுபோல, கயிறு போட்டு இறுக்குவதுபோல, எரிவதுபோல இருக்கும். சைக்கிளில் எதிர்காற்றுக்கு மிதிக்கும்போதோ, சாப்பிட்ட கையோடு நடக்கும்போதோ வந்து, நின்றால் சில நிமிடங்களில் தணியும். இடது கை, இரண்டு தோள், கழுத்து, கீழ்த்தாடை, முதுகு என்று பரவலாம். அப்படி ஒரு ஒழுங்கு தெரிந்தால் அது இதயம் என்றே எடுத்து அந்தக் கிழமைக்குள் வைத்தியரைப் பாருங்கள். முன்பு ஒரு மைலுக்கு வந்தது இப்போது முற்றத்திலேயே வருகிறது, அல்லது ஓய்விலும் வருகிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும்.

ஓய்வெடுத்தும் 15 நிமிடத்துக்கு மேல் நிற்கிறது, வியர்த்துக் கொட்டுகிறது, ஓங்காளம் வருகிறது, மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருக்கிறது என்றால் அது மாரடைப்பு என்று நினைத்தே நடக்க வேண்டும். வாய்வாக இருந்தால் நல்லது, ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைத் தாளில் பதியும் சோதனை) எடுத்துவிட்டு வீட்டுக்கு வரலாம்.

பெண்களுக்கும், வயதானவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் நெஞ்சு நோ இல்லாமலே மாரடைப்பு வரலாம். எங்கள் அயலில் ஒரு அம்மாவுக்குத் தாடை நோவும், சொல்லத்தெரியாத களைப்பும், சத்தியும் மட்டும்தான் இருந்தன. பல்லுக்குத்து என்று கராம்பு வைத்துக்கொண்டு சமைத்து முடித்தார். பெண்கள் தங்கள் நோவைக் கடைசியாகத்தான் சொல்வார்கள். அதனால் இதைப் பிள்ளைகள்தான் கவனிக்க வேண்டும்.

ஆண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், கூச்சப்பட வேண்டாம். தாம்பத்தியத்தில் விறைப்புக் குறைவதும் நாடி ஒடுங்குவதன் முதல் அடையாளமாக இருக்கலாம். அந்த நாடி சிறியது, அதனால் இதயத்துக்கு முன்னரே அங்கே தெரியவரும். அதற்குக் கடையில் ரகசியமாகக் குளிசை வாங்கிப் போடுவதைவிட வைத்தியரிடம் சொல்வது உயிரைக் காக்கும்.

படி 4: முகம், கை, பேச்சு

பாரிசவாதத்துக்கு மூன்றே சோதனை. சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் உயர்த்தச் சொல்லுங்கள், ஒன்று தானாக விழுகிறதா? ஒரு வசனம் சொல்லச் சொல்லுங்கள், குளறுகிறதா? ஒன்று இருந்தாலும் உடனே புறப்படுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குறிகள் தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட வேண்டும், அதற்கு முன் மூளையைப் படம்பிடிக்கும் சி.ரி. ஸ்கான் எடுத்திருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் கை சரியாகிவிட்டது என்றாலும் போக வேண்டும். பெரிய தாக்கம் அடுத்த சில நாட்களில் வரலாம் என்பதற்கான அறிவிப்பு அது. வாயில் தண்ணீரோ குளிசையோ கொடுக்க வேண்டாம்.

படி 5: உங்கள் எண்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

அரசாங்க வைத்தியசாலைகளில் 35 வயதைத் தாண்டியவர்களுக்குப் பிறஷர், சீனி, இடுப்புச் சுற்றளவு எல்லாம் இலவசமாகப் பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. உங்களுக்குக் கிட்ட எங்கே, எந்த நாள் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அல்லது ஊருக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் சொல்வார்கள். வருத்தம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போவதா என்று ஆண்கள் நினைக்கிறார்கள். மோட்டார் பம்புக்கு ஒயில் பார்க்க அது நிற்கும் வரைக்கும் காத்திருப்பதில்லையே.

பிறஷர் 140/90க்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் உயர்வு. வீட்டில் அளந்தால் எல்லை 135/85. அளக்கமுன் ஐந்து நிமிடம் சாய்ந்து இருங்கள், கால் நிலத்தில் படட்டும், கையை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். அரை மணித்தியாலத்துக்கு முன்னிருந்தே தேத்தண்ணி, சிகரெட் வேண்டாம். வெறுவயிற்றுச் சீனி 100 mg/dlக்குக் கீழே நல்லது, 126ம் அதற்கு மேலும் என்றால் நீரிழிவு. எல்.டி.எல். 100 mg/dlக்குக் கீழே இருப்பது நல்லது. ஏற்கெனவே அடைப்பு இருப்பவர்களுக்கு 70க்கும் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள். எங்கள் தெற்காசிய உடம்புக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80. தொப்புள் மட்டத்தில் வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். மெலிந்த ஆள், வெயிலில் வேலை செய்கிற ஆள், எனக்கு ஏன் கொழுப்பு என்று நினைக்க வேண்டாம். எங்கள் பெரியப்பா 52 கிலோதான்.

படி 6: புகையிலையை விடுங்கள், பிறகு மற்றவை

இந்தப் படியில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சுருட்டு, பீடி, சிகரெட், வெத்திலையோடு போடும் புகையிலை எல்லாம் நாடியின் உட்தோலைப் புண்ணாக்குபவை. கால் நாடி அடைப்புக்குப் புகையைவிடப் பெரிய எதிரி இல்லை. விட்ட ஒரு வருடத்தில், புகைப்பதால் கூடியிருந்த இதய நோய் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. பெரியப்பா 45 வருடச் சுருட்டை விட்டது விரல் போன பிறகு. முதல் மூன்று கிழமை எரிந்து விழுந்தார். பெரியம்மா அவர் மடியில் கச்சான் பொட்டலம் ஒன்றைக் கட்டிவிட்டார். கை தேடும்போது கச்சான். அப்படித்தான் கடந்தார்.

சாப்பாட்டில் எங்கள் ஊர்ச் சமையல் அடிப்படையில் நல்லது. சிவப்பு அரிசி, பயறு, கௌபி, முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, முல்லைத்தீவுச் சூடையும் கீரியும். கெடுப்பது அளவும் உப்பும்தான். ஒரு கோப்பைச் சோறு மலைபோல இருக்கும், கறி கரையில் கிடக்கும். சோற்றைப் பாதியாக்கி, இலைக்கறியையும் பருப்பையும் இரட்டிப்பாக்குங்கள். உப்பு ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. கருவாடு, ஊறுகாய், மோர் மிளகாய், அப்பளம் ஆகியவற்றில் இருக்கும் உப்பும் அதற்குள்ளேதான் அடங்கும். தேங்காய்ப்பாலை முழுதாக விடச் சொல்ல மாட்டேன், ஆனால் சொதிக்கு முதற்பாலைக் குறைத்து, மூன்று நேரமும் பால் கறி வைப்பதை ஒரு நேரமாக்கலாம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம். கடை ரோல்ஸ், பரோட்டா, கொத்து ரொட்டி கிழமைக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். பாலைப்பழக் காலத்தில் நீரிழிவுக்காரர் ஒரு கைப்பிடியோடு நிறுத்தட்டும். தேத்தண்ணியில் சீனி ஐந்து நேரம் போகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நடை ஒரு மருந்து. கிழமைக்கு 150 நிமிடம், பேசலாம் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடக்க வேண்டும். கால் நாடி அடைப்பு உள்ளவர்களுக்கு நடை இன்னும் முக்கியம், அதற்கு ஒரு முறை இருக்கிறது. நோ வரும் வரைக்கும் நடந்து, நோ ஓரளவு கூடியதும் நின்று, முழுதாக விட்டதும் திரும்ப நடக்க வேண்டும். இப்படி 30 முதல் 45 நிமிடம், கிழமைக்குக் குறைந்தது மூன்று நாள், மூன்று மாதம். சுற்றியுள்ள சிறு நாடிகள் வேலை எடுத்து, தசையும் கிடைக்கிற இரத்தத்தைச் சிக்கனமாகப் பாவிக்கப் பழகும். நோகும் காலை ஓய்வில் வைப்பதுதான் நல்லது என்று நாங்கள் பெரியப்பாவைக் கதிரையில் இருத்தியது பிழை. ஆனால் நெஞ்சு நோ உள்ளவர்களும், காலில் புண் உள்ளவர்களும் வைத்தியரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். வெயில் ஏறமுன் போங்கள், யானை நடமாட்டம் உள்ள பக்கம் என்றால் நன்றாக விடிந்த பிறகு போங்கள்.

படி 7: குளிசையும் பரிசோதனையும்

கிளினிக்கில் தரும் அற்றோவஸ்ரற்றின் கொழுப்பைக் குறைப்பதோடு, படிவின் மூடி வெடிக்காமல் உறுதியாக்குகிறது. அஸ்பிரின் இரத்தம் கட்டிபடுவதைத் தடுக்கிறது. லொசாட்டன் போன்றவை பிறஷருக்கு. "ரிப்போட் நோர்மல் ஆகிட்டுது" என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். நோர்மல் ஆனதே குளிசையால்தான். நிறுத்தினால் சில கிழமையில் பழைய எண் திரும்பும். ஸ்ரென்ட் (நாடியை விரித்து வைக்கும் வளையம்) போட்டவர்கள், இரத்தம் உறையாமல் தடுக்கும் குளோப்பிடோகிரலை வைத்தியர் சொல்லாமல் ஒரு நாள்கூட விடக்கூடாது, வளையத்துக்குள் இரத்தம் உறைந்துவிடும். மறுபக்கம், வருத்தம் இல்லாதவர்கள் தாங்களாகவே தினமும் அஸ்பிரின் போடவும் கூடாது, வயிற்றில் இரத்தக் கசிவு வரலாம்.

அருவி வெட்டுக் காலத்தில் கடையில் வாங்கிப் போடும் டைக்ளோபினாக் போன்ற நோக் குளிசைகள் பிறஷரைக் கூட்டும், சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் ஏற்கெனவே ஒரு பெரிய கவலை. முதுகு நோவுக்கு முதலில் பரசிற்றமோலோடு பாருங்கள்.

ஈ.சி.ஜி. ஓய்வில் சரியாக இருந்தால் அடைப்பு இல்லை என்று அர்த்தம் இல்லை. அதனால்தான் ஓட வைத்துப் பார்ப்பதும், எக்கோவும் (இதயத்தை ஒலி அலையால் பார்க்கும் ஸ்கான்), தேவைப்பட்டால் அஞ்சியோகிராமும். அஞ்சியோகிராமில் மணிக்கட்டாலோ தொடையாலோ மெல்லிய குழாய் விட்டு, மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள். விறைப்பு ஊசி போட்டுத்தான் செய்வார்கள், ஆள் விழித்திருப்பார். 1977இல் சூரிச்சில் அந்திரேயாஸ் குறுன்சிக் என்ற வைத்தியர் பலூன் விட்டு இதய நாடியை முதன்முதலில் விரித்தார். அரை நூற்றாண்டாகச் செய்துவரும் சிகிச்சையைக் கண்டு பயந்து ஓட வேண்டியதில்லை. சிறுநீரக வருத்தம் இருந்தால், படம் எடுக்கச் செலுத்தும் மருந்து அதைப் பாதிக்கலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லுங்கள். உடம்பில் ஷெல் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் உலோகத்தை அசைக்கக்கூடும். தழும்பு சின்னது என்று மறைக்க வேண்டாம்.

படி 8: இன்றைக்கே செய்துவைக்க வேண்டியது

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு வரை ஏ35 வீதி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல். உள்ளூர்களிலிருந்து அந்த வீதிக்கு வருவதற்கே நேரம் எடுக்கும். எங்களுக்கு யோசிக்கிற நேரம் கிடையாது, அதனால் முன்கூட்டியே யோசித்துவைக்க வேண்டும்.

1990 என்ற எண்ணுக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும். காசு இல்லை, தமிழில் பேசலாம். வீட்டிலுள்ள ஒவ்வொரு போனிலும் பதிந்து வையுங்கள். இடத்தைச் சொல்லும்போது ஊர், பெரிய வீதி, கிட்டவுள்ள பாடசாலை அல்லது கோயில், அங்கிருந்து எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று சொல்லுங்கள். அம்புலன்ஸ் வரச் சுணங்கும் என்றால் ஓட்டோவிலோ வானிலோ ஏற்றுங்கள், ஆளை இருந்தபடி சாய்த்து வையுங்கள். மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுபோக வேண்டாம், வழியில் மயங்கினால் பிடிக்க முடியாது. நோவோடு ஆளைத் தானே வாகனம் ஓட்டவும் விடக்கூடாது. தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியைத் தேடி ஓடுவதைவிட, ஈ.சி.ஜி. எடுக்கக்கூடிய கிட்டின ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அங்கே முதல் மருந்தைக் கொடுத்து, தேவை என்றால் அவர்களே மேலே அனுப்புவார்கள். அது எது, இரவில் வைத்தியர் இருப்பாரா என்று இப்போதே விசாரித்து வையுங்கள்.

நெஞ்சு நோவுக்கு அஸ்பிரின் 300 மில்லிகிராமைச் சப்பி விழுங்குவது உதவும். அஸ்பிரின் ஒவ்வாமை, வயிற்றுப்புண் இரத்தக் கசிவு இருந்தால் வேண்டாம், 1990இல் பேசுபவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். பாரிசவாதம் போல இருந்தால் அஸ்பிரின் கொடுக்கவே கூடாது, ஸ்கான் எடுக்கும் வரைக்கும் அது அடைப்பா, கசிவா என்று தெரியாது. நாக்குக்குக் கீழ் வைக்கும் குளிசை தந்திருந்தால் ஆளை இருத்திவிட்டுத்தான் வைக்க வேண்டும், நிற்கும்போது வைத்தால் பிறஷர் விழுந்து தலை சுற்றும். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் 1990க்கு அடியுங்கள்.

கிளினிக் கொப்பி, கடைசி ஈ.சி.ஜி. தாள், போடும் குளிசைகளின் மட்டைகள், ஒவ்வாமை பற்றிய குறிப்பு, அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்கவிடுங்கள். பழைய ஈ.சி.ஜி. மிகவும் உதவும், புதியதோடு ஒப்பிட்டு எது புதிய மாற்றம் என்று வைத்தியர் சொல்லிவிடுவார். அயலில் வாகனம் உள்ள இரண்டு பேரின் எண்ணைக் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள், எட்டு வயதுப் பிள்ளைக்கும் வாசிக்கத் தெரிய வேண்டும். இரவு என்றால் ஒருவர் ரோச் லைற்றோடு ஒழுங்கை முகப்பில் போய் நிற்கட்டும். எங்கள் ஒழுங்கைகளில் பலவற்றுக்குப் பெயர்ப்பலகை கிடையாது.